தவணைக்கு ஓர் ஒத்திகை

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் வேலையில் இருக்கிறோம். அடுத்த ஆண்டுக்குள் சொந்த வீடு வாங்கிவிட முடிவு செய்திருக்கிறோம். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கட்டிவிட்டால் கடன் குறையும் என்கிறார் அவர். வங்கி தருவதாகச் சொல்லும் தொகையை முழுமையாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். கீழ்த்தளம் நல்லதா, மேல்தளமா என்பதிலும் குழப்பம். உடன் படித்தவர்கள் எல்லோரும் வீடு வாங்கிவிட்டார்கள். மாதந்தோறும் வாடகைக்குப் பணத்தை வீணாக்குகிறோமே என்று வெட்கமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று, கிழித்துப் போடுவதற்காகப் பழைய கோப்பு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அது என் வீட்டுக் கடன் கோப்பு. கிழிக்காமல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன் என்பதால்தான் இத்தனை நீளமான பதில்.

முதலில் அந்த வெட்கம். யாருக்கும் பாக்கி வைக்காமல் மாதந்தோறும் வாடகை கொடுத்து வாழ்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்காமல் ‘வீண்’ என்று நீங்கள் எழுதியது எனக்கு எரிச்சலையே தந்தது. 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், முதல் தவணையில் ஏறக்குறைய 83 விழுக்காடு வட்டிக்கே போய்விடும். 10 ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 71 விழுக்காடு நிலுவையில் நிற்கும். அசல் பாதியாகக் குறைய 14 ஆண்டுகள் ஆகும். பிறர் வீட்டில் குடியிருக்கக் கொடுப்பது வாடகை, பிறர் பணத்தை வைத்திருக்கக் கொடுப்பது வட்டி. இரண்டும் திரும்பி வருவதில்லை. வீடு வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வெட்கத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக வாங்காதீர்கள் என்கிறேன்.

சேமிப்பு முழுவதையும் கொட்டிவிடலாம் என்னும் உங்கள் கணவரின் யோசனையை விட்டுவிடுங்கள். பதிவுச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், குடிபோன முதல் மாதமே முளைக்கும் பழுதுகள் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதற்கு மேலும் ஆறு மாதத் தவணை கையிருப்பில் இருக்க வேண்டும். உங்கள் யோசனையோ அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் நான் செய்தது அதைத்தான்.

எவ்வளவு வரை கடன் கிடைக்கும் என்று வங்கி அதிகாரி சொன்ன தொகையை என் தகுதிக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, அதன் கடைசிக் காசு வரை வாங்கினேன். மாறும் வட்டி, 20 ஆண்டுத் தவணை. இரண்டாம் ஆண்டின் முடிவில் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வட்டி 9 விழுக்காட்டிலிருந்து பத்தரை விழுக்காடாக உயர்கிறது, தவணைத் தொகையில் மாற்றமில்லை என்று அதில் இருந்தது. தொகை மாறவில்லை என்ற நிம்மதியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதன் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் இருந்ததை நான் படித்தது பல மாதங்களுக்குப் பிறகு: மீதமிருந்த 18 ஆண்டுகள் 26 ஆண்டுகளாகியிருந்தன. இரண்டு ஆண்டுகள் கட்டியவன், கட்டத் தொடங்கிய நாளைவிட ஆறு ஆண்டுகள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு மனைவியிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “தவணையைக் கூட்டிக் கட்ட நம்மால் முடியாதா?” முடியாது. வருமானத்தின் விளிம்பு வரை கடன் வாங்கியவனிடம் கூட்டிக் கட்ட என்ன மிஞ்சியிருக்கும்?

ஆகவே நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சலிப்பூட்டும் அளவுக்குச் சொல்லிவருவதையே உங்களுக்கும் சொல்கிறேன்: வீடு தேடுவதற்கு முன் ஓராண்டு ஒத்திகை பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் கடனுக்கு, இன்றைய வட்டியைவிட இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் கூட்டித் தவணையைக் கணக்கிடுங்கள். 20 ஆண்டுக் கடனில் 9 விழுக்காடு 11 ஆனால் தவணை ஏறக்குறைய 15 விழுக்காடு கூடும். அந்தக் கூடிய தவணையிலிருந்து இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்துவிட்டு, மீதியை மாதத்தின் முதல் நாளே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். பராமரிப்புக்கும் வீட்டு வரிக்குமாகச் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு உடல்நலம் கெடும் மாதத்திலும், ஊதியம் தாமதமாகும் மாதத்திலும், ஆசைப்பட்ட பயணத்தைக் கைவிட நேரும் மாதத்திலும் போட வேண்டும். எந்த மாதத்தில் திணறுகிறீர்கள் என்பதை வங்கியின் எந்தப் படிவமும் உங்களிடம் கேட்காது. இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டு மாதமும் போட முடிந்தால் உங்கள் முன்பணமும் அதற்குள் கூடியிருக்கும். நான்காம் மாதமே கைவைக்க நேர்ந்தால் கடன் தொகையைக் குறையுங்கள். தவணைக் காலத்தை நீட்டாதீர்கள். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளை 30 ஆக்கினால் தவணை 11 விழுக்காடுதான் குறையும். ஆனால் வாங்கிய ஒவ்வொரு நூறுக்கும் மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 216 என்பதிலிருந்து 290 ஆகிவிடும்.

ஓராண்டில் வீட்டு விலை ஏறிவிடாதா என்று கேட்பீர்கள். ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அதைச் சொல்ல நான் ஆளில்லை.

கீழ்த்தளமா மேல்தளமா என்ற கேள்வியை மறந்தே போனேன். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போய் இரண்டையும் பாருங்கள். நான் என் வீட்டை வெயில் காலத்தில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வாங்கினேன். அந்தக் கதையை எழுத வேண்டுமானால் இன்னொரு கோப்பைத் திறக்க வேண்டும்.