மூட்டுத் தேய்மானம் என்றால் எலும்பு தேய்வதா? நெட்டி முறித்தால் சீக்கிரம் தேயுமா?

தேய்வது முதலில் எலும்பு இல்லை, அதன் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு. நான் மருத்துவர் அல்ல. மலேசியாவில் சுங்கை சிப்புட் பாசாரில் (சந்தையில்) கோழி வெட்டுகிறவன். ஆனால் மூட்டு எங்கே இருக்கிறது என்பது என் கத்திக்குத் தெரியும்.

கோழிக்காலைத் தொடையிலிருந்து பிரிக்கும்போது நான் எலும்பை வெட்டுவதே இல்லை. மூட்டில் கத்தியை வைத்தால் தானாக விலகும். அங்கே நீலம் கலந்த வெள்ளையில், தொட்டால் வழுக்கும் தொப்பி ஒன்று எலும்பு நுனியை மூடியிருக்கும். அதுதான் குருத்தெலும்பு. விரலில் பிசுபிசுப்பாக ஒட்டுவது மூட்டுத் திரவம், முட்டை வெள்ளை மாதிரி. எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருப்பது தசைநார். நம் ஊரில் இதற்கெல்லாம் சேர்த்து 'ஜவ்வு' என்று ஒரே பெயர். குழப்பம் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மனித முழங்காலும் ஏறக்குறைய இப்படித்தான். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சேரும் இடத்தில் பிறை வடிவத்தில் இரண்டு தட்டுகள் உண்டு. பந்து விளையாடுகிறவர்கள் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்பது பெரும்பாலும் அந்தத் தட்டு, இல்லையென்றால் தசைநார்.

எலும்பு உயிருள்ள பொருள். உள்ளே ரத்தம் ஓடுகிறது, மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பிறக்கின்றன, பழைய எலும்பு கரைந்து புதியது கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உடைந்தாலும் கூடிவிடுகிறது. குருத்தெலும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. பஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை இழுப்பதுபோல, நாம் காலை ஊன்றி எடுக்கும்போது மூட்டுத் திரவத்திலிருந்துதான் தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை கெட்டால் பழையபடி வளர்வது அரிது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது சத்தமே போடாது. அடியில் உள்ள எலும்பும் சுற்றியுள்ள உறையும் பாதிக்கப்படும்போதுதான் வலி தெரிகிறது.

அம்மா முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பாலெடுக்கப் பட்டை சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்த முழங்கால். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் "இடைவெளி குறைந்துவிட்டது" என்றார். எனக்குப் புரியவில்லை, இடைவெளி குறைந்தால் நல்லதுதானே என்றேன்! அவர் சிரித்துவிட்டார். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாதாம். எலும்புகளுக்கு நடுவே வெற்றிடமாகத் தெரிவதே அதுதான். வெற்றிடம் சுருங்கினால் குருத்தெலும்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை "நடக்காதே, உட்கார்" என்று அம்மாவை அதட்டிக்கொண்டிருந்தவன் நான். டாக்டரோ மெதுவாக நடக்கச் சொன்னார், தொடைத் தசைக்குப் பயிற்சியும் கொடுத்தார்.

எல்லா மூட்டும் ஒன்று அல்ல. இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லில் குழவி உட்கார்ந்த மாதிரி, ஆழமான குழி. தோளில் அந்தக் குழி வெறும் தட்டு ஆழம்தான். அதனால் கை எல்லாப் பக்கமும் சுழலும், சுலபமாக நழுவவும் செய்யும். நீளக் கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுகிறவர்களைக் கேளுங்கள், தோள் கதை நிறைய சொல்வார்கள்.

சரி, நெட்டி. விரலை இழுக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் குறைந்து, திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழியாகிறது. நெட்டிச் சத்தம் அதனால் வருவதுதான், எலும்பு உரசுவது இல்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இடக்கை விரல்களை மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை. 2009-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது; சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வேடிக்கையாகத் தரும் பரிசு அது. ஒரே ஆளின் இரண்டு கைகளை வைத்து எல்லாவற்றையும் முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் வலியோ வீக்கமோ இல்லாத வெறும் சத்தத்துக்கு நான் பயப்படமாட்டேன்.