அலையாத்தி நட அனுமதி வாங்கித் தருபவருக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: தொண்டிப் பக்கம் கடலோரக் கிராமம் எங்களுடையது. உப்பங்கழி ஓரமாக அலையாத்திக் கன்று நட இளைஞர் மன்றமும் மகளிர் குழுவும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். வெளியூர்க்காரர் ஒருவர் கன்று 40 ரூபாய்க்குத் தருகிறேன், அனுமதியும் நானே வாங்கித் தருகிறேன், 30 வருடம் கார்பன் பணம் (மரம் இழுத்து வைக்கும் கரிக்கு நிறுவனங்கள் தரும் காசு) வரும் என்கிறார். வீட்டுக்கு 500 ரூபாய் முன்பணம், ஆதார் நகல், ஒரு கையெழுத்து கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஆதார் நகலை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், எதற்காகக் கொடுத்தோம் என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். போடமாட்டார். ஆள் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். சர்வே எண்ணை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார். காப்புக்காடு என்றால் வனச்சரகர், புறம்போக்கு என்றால் தாசில்தார். மனு எழுத ஒரு வெள்ளைத்தாள் போதும், அதற்கு ஆள் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 மூன்றும் மழைக்காலத்தை ஒட்டி வருவதால் வசதி. தீர்மான நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் சத்தமே இல்லையா? 10 ரூபாய் கட்டி, 'என் மனு எந்த மேசையில் இருக்கிறது' என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இதெல்லாம் எழுத எனக்கே அலுப்பாகத்தான் இருக்கிறது. ஒரே கழியில் தண்ணீர் ஒரு துறை, சேறு ஒரு துறை, மரம் இன்னொரு துறை. ஆடியில் கொடுத்த மனுவுக்குத் தையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அதற்குள் விதைக்காலமே போய்விடும். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் குடும்பம் நடத்துகிறார்.

கார்பன் பணம் என்பது முழுப் பொய் அல்ல. ஆனால் நிலம் அரசாங்கத்துடையது. அதில் நிற்கும் மரத்தின் கார்பனை விற்க ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டு என்ன ஆகும்? அளவெடுப்பு, சரிபார்ப்பு, பதிவு என்று எல்லாச் செலவையும் திட்டம் நடத்தும் நிறுவனம் போட வேண்டும். ஊரிடம் முன்பணம் கேட்பவர் கார்பன் வியாபாரியே அல்ல, கன்று வியாபாரி.

அந்தக் கன்றும் தேவையில்லை. நம் பக்கம் நன்றாக வருவது வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை. ஐப்பசி, கார்த்திகையில் விதை தானாகவே மிதந்து வந்து கரை ஒதுங்கும். பொறுக்கி ஒரு நாள் தண்ணீரில் போட்டால் தோல் கழன்றுவிடும், அதையே நடலாம். காசு கொடுத்து வாங்கி, கறுப்புப் பையைக்கூடக் கிழிக்காமல் நட்டு, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துப் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். பங்குனியில் போனால் சேற்றின் மேல் வெள்ளையாக உப்புப் பொரிந்திருக்கும், நடுவில் ஈர்க்குச்சி மாதிரி காய்ந்த தண்டுகள். பாக் நீரிணையில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இல்லை. தண்ணீர் வந்து போகாத மேட்டில் உப்பு ஏறிக் கன்று சாகும். அதனால்தான் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் முதலில் வெட்டியது மீன் முள் வடிவில் வாய்க்கால்கள், அப்புறம்தான் நடவு. எப்போதும் தண்ணீர் நிற்கும் தாழை, அதாவது கடல்புல் படுகையில் நடவே நடாதீர்கள். கடல்பசு மேயும் இடம் அது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கைவிட்ட இறால் குட்டை யாருடைய பட்டாவிலாவது இருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம். கழிப்பக்கம் உள்ள கரையை உடைத்து, தண்ணீர் தானாக வந்து போகும்படி விட்டாலே போதும், பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதை உள்ளே வந்துவிடும். உடைப்பது வயல்பக்கக் கரை அல்ல, கழிப்பக்கக் கரை. அடுத்தவர் வயலுக்கு உப்புத் தண்ணீர் போனால் ஊர்ச் சண்டையாகிவிடும், அந்தப் பக்கக் கரையைப் பலப்படுத்தி வைத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் மண்வெட்டி போட வேண்டும். பட்டாக்காரருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: அலையாத்தி வளர்ந்துவிட்டால் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி அந்த இடம் கடும் பாதுகாப்புப் பிரிவில் போய்விடும், அங்கே பிறகு வீடும் கட்ட முடியாது, குட்டையும் திரும்ப வெட்ட முடியாது. தெரிந்து சம்மதித்தால் எழுதி வாங்குங்கள். கூடப்பிறந்தவர்கள் பெயரும் பட்டாவில் இருந்தால் அவர்களிடமும் வாங்குங்கள்.

அப்புறம் ஆடு. கன்றுக்கு உப்பைவிடப் பெரிய எதிரி அதுதான். முதல் இரண்டு வருடம் கருவேல முள் வேலி கட்டாயம். மன்றக் கூட்டத்துக்கு ஆட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் விடுவது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டுக்கு 500 வசூலித்துவிட்டீர்கள் என்றால் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த வேலிக்கு வையுங்கள். விதை பொறுக்கும் முன் ஒரு நாள் அலையாத்திக் காடு உள்ள காரங்காட்டுக்குப் போய், அங்கே படகு ஓட்டும் ஊர்க்காரர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.