எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் அலுவலக வேலையாக முதல்முறை டோக்கியோ போகிறேன். வேலை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை முழுதாகக் கையில் இருக்கிறது. இசை கேட்கத்தான் ஆசை. டவர் ரெக்கார்ட்ஸ் இசைக் கடையில் தொடங்கி, ஒரே நாளில் பார்க்கத்தக்க பத்து இடங்களைச் சொல்வீர்களா? மொழி தெரியாது, சைவம், தனியாகப் போகக் கூச்சம் வேறு.

செந்தில், ஓசூர்

அன்புள்ள செந்தில்,

பத்து இடங்களை நான் சொல்லப்போவதில்லை. பத்து வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு வருவதற்குப் பெயர் இசை கேட்பதா? ஒரு கடை, ஒரு காபிக்கடை, மாலையில் ஒரு லைவ் ஹவுஸ், அதாவது குழுக்கள் நேரில் வாசிக்கும் சின்ன அரங்கு. உங்கள் ஒரு நாளுக்கு அது போதும். அந்தச் சின்ன அரங்குகளில் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்திருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

ஷிபுயா பகுதியில் டவர் ரெக்கார்ட்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஜப்பானில் வெளியாகும் புதிய சிடிக்குப் பெரும்பாலும் வெளியிட்டவர் வைத்த விலைதான் எல்லாக் கடையிலும். மலிவு தேடி அலைவது வீண். பழைய இசைத்தட்டுகளுக்கு டிஸ்க் யூனியன் கடை. பிறகு தோகென்சகா பக்கம் 1926இல் தொடங்கிய 'லயன்' காபிக்கடை. மேற்கத்திய செவ்வியல் இசை மட்டும் ஒலிக்கும், நாற்காலிகள் ஒலிபெருக்கிகளைப் பார்த்தே இருக்கும். பேசக்கூடாது, படமெடுக்கக்கூடாது. மொழி தெரியாத உங்கள் கவலைக்கு அங்கே வேலையே இல்லை. சாப்பாட்டுக்கு வேறு யாரையாவது கேளுங்கள்.

மாலைக்கு ஷிமோகிதசாவா பகுதி. ஷிபுயாவில் இனோகஷிரா லைன் எக்ஸ்பிரஸ் ஏறினால் முதல் நிறுத்தமே அதுதான். 1991இல் தொடங்கிய ஷெல்டர் உட்பட நிறைய லைவ் ஹவுஸ் அரங்குகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இதேபோல் அரங்குகள் உள்ள கோயென்ஜி பகுதிக்குப் போவதென்றால் ஒரு எச்சரிக்கை: சனி, ஞாயிறுகளில் சூவோ லைன் ரேபிட் அங்கே நிற்காது. மஞ்சள் பட்டை போட்ட லோக்கலில் ஏறுங்கள்.

இனி வாசலுக்கு வருவோம். டிக்கெட் கொடுப்பவர் உங்களிடம், "இன்று எந்தக் குழுவைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்பார். வெளியூர்க்காரர்கள் பலர் "சும்மா பார்க்க வந்தேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உபசாரத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை அது. பல அரங்குகளில் மேடையேறும் குழு இத்தனை டிக்கெட் விற்றாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, நொருமா என்பார்கள். டிக்கெட் 2000 யென், கணக்கு 20 டிக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழுவின் பெயர் சொல்லி வந்தவர்கள் 12 பேர்தான் என்றால், மீதி 8 டிக்கெட்டுக்கு 16,000 யென்னைக் குழுவே கட்ட வேண்டும். 20ஐத் தாண்டினால்தான் அவர்களுக்குப் பங்கு. பகலில் எங்கோ பகுதிநேர வேலை பார்த்து, ஒத்திகை அறைக்கும் வாடகை கொடுத்து, வாசிப்பதற்கும் காசு கட்டுகிற பிள்ளைகள் அவர்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் உங்கள் 2000 யென் அவர்களில் யார் கணக்கிலும் ஏறாது. காசும் கொடுத்து, அது போய்ச் சேராமலும் செய்வது என்ன ரசனை?

ஆகவே இப்போதே அரங்கின் தளத்தில் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். நான்கைந்து குழுக்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டையாவது யூட்யூபில் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் குழுவின் எக்ஸ் கணக்குக்குத் தேதி, உங்கள் பெயர், எத்தனை பேர் என்று செய்தி அனுப்பினால் டிக்கெட் எடுத்து வைப்பார்கள். வாசலில் முன்பதிவு விலைதான், அன்றைக்கு வாங்கும் விலையைவிடப் பெரும்பாலும் 500 யென் குறையும். குழுவின் பெயரை ஜப்பானிய எழுத்திலேயே கைபேசியில் வைத்திருந்து காட்டுங்கள்.

டிக்கெட்டோடு பானத்துக்கு 600 யென் அளவில் தனியாக வாங்குவார்கள். இந்த அரங்குகள் பெரும்பாலும் உணவகம் என்ற உரிமத்தில் இயங்குகின்றன, அதனால் குடிக்காதவருக்கும் விலக்கில்லை. மதுதான் வாங்க வேண்டும் என்றில்லை, ஊலாங் டீ கேட்கலாம். ரொக்கம், அதிலும் 1000 யென் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ரயில் நிலைய லாக்கரில் போட்டுவிடுங்கள்.

18:30க்குக் கதவு, 19:00க்கு முதல் குழு என்றால் 19:00தான். ஒரு குழுவுக்கு அரை மணி. எட்டு மணிக்கு ஆடி அசைந்து போனால் முதல் குழு முடிந்தே போயிருக்கும். கூட்டம் குறைவாக இருப்பது முதல் குழுவுக்குத்தான். அவர்களுக்காகவாவது நேரத்தோடு போங்கள்.

கூச்சம் வேண்டாம், செந்தில். அங்கே தனியாக வந்து நிற்பவர்கள் நிறையப் பேர், உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முடிந்ததும் குழுவினரே மேசை போட்டு சிடி விற்பார்கள். பிடித்திருந்தால் அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள்.

ஒன்று மட்டும். முன்பதிவு செய்துவிட்டுக் களைப்பென்று விடுதியிலேயே தூங்கிவிடாதீர்கள். போக முடியாவிட்டால் மதியத்துக்குள் செய்தி அனுப்பிவிடுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் அவர்கள் எண்ணி வைத்திருப்பார்கள்.