ஜூன் மாதத்தில் வோலாய் மீனை எங்கே தேடுவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “மே மாதக் கடைசியில் நிப்பிசிங் ஏரியில் ஓர் ஆற்று முகத்துக்கு அருகே தூண்டில் போட்டபோது வோலாய் மீன்கள் தாராளமாகப் பட்டன. ஜூன் நடுப்பகுதியில் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனேன். பகல் முழுவதும் காத்திருந்தும் ஒன்றுகூடப் படவில்லை. கரையோரத்தில் பெரிய பாஸ் மீன்கள் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. அடுத்த முறை எங்கே, எந்த நேரத்தில் போட வேண்டும்?”

நீங்கள் போன இடத்தில் குறையில்லை. மீன்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டன. பனிக்கட்டி உருகியதும், நீரின் வெப்பநிலை 6 முதல் 9 பாகை செல்சியசை எட்டும் வேளையில், வோலாய் மீன்கள் ஆறுகளிலும் அலை மோதும் கற்பாறைக் கரைகளிலும் முட்டையிடுகின்றன. அதன் பிறகும் சில வாரங்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இரை தேடித் திரிகின்றன. மே மாதக் கடைசியில் உங்கள் தூண்டிலைக் கொத்தியவை இந்த மீன்கள்தாம். நீர் சூடேறச் சூடேற அவை ஏரி முழுவதும் பரவிவிடுகின்றன. பனி உருகும் நாள் ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக மாறுவதால், நாட்காட்டியை நம்புவதைவிட, படகிலிருந்து நீரில் இறக்கிப் பார்க்கக்கூடிய ஒரு சிறு வெப்பமானியை நம்புவதே நல்லது.

கோடை வந்தால் ஆழத்துக்குப் போக வேண்டும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது டெமகாமி போன்ற ஆழமான ஏரிகளுக்குப் பொருந்தும். அங்கே கோடையில் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீருமாக அடுக்குகள் பிரிகின்றன. 10 பாகையை ஒட்டிய குளிர்ச்சியை விரும்பும் லேக் ட்ரவுட் மீன் கீழ் அடுக்குக்கு இறங்கிவிடுகிறது. நிப்பிசிங்கின் கதை வேறு. 800 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தாலும் அதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 4.5 மீட்டர்தான். காற்று நீரை அடிக்கடி கலக்கிவிடுவதால், பெரும்பகுதியில் அடுக்குகள் நிலைப்பதில்லை. ஆகவே ஆழத்தைத் தேடி அலையாமல், நீர்ச்செடிகள் பச்சையாகத் தழைத்து முடியும் வெளி விளிம்பையும், பாறை மேடு சேற்றுத் தரையில் இறங்கிச் சேரும் ஓரங்களையும் தேடுங்கள். மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழமே முதலில் சோதிக்க ஏற்றது.

ஜூன் மாதத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்புழுக்கள் ஏரியடிச் சேற்றில் வளை தோண்டி ஓரிரு ஆண்டுகள் வாழ்ந்து, இந்தப் பருவத்தின் வெப்பமான மாலைகளில் கூட்டங்கூட்டமாக மேலெழுந்து சிறகு முளைத்துப் பறக்கின்றன. மறுநாள் காலையில் படகுத்துறைப் பலகைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் அவற்றின் உடல்களும் உரித்த தோல்களும் அப்பிக் கிடப்பதைக் காணலாம். அப்போது வோலாய்க்கு இரைப் பஞ்சமே இல்லை. வயிறு நிறைந்த மீன், வேகமாக இழுத்துப் போகும் பெரிய செயற்கை இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்த நாட்களில் தலையில் ஈயம் பதித்த சிறிய தூண்டில் முள்ளில் ஒரு துண்டு மண்புழுவைக் கோத்து, சேற்றுத் தரையை ஒட்டி மிக மெதுவாக நகர்த்துவதே பலன் தரும். மீன் இல்லை என்று முடிவுகட்டி ஊர் திரும்பிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் மீன் அவர்களின் படகுக்கு அடியிலேயே இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, பகல் வெயிலைத் தவிர்த்துவிடுங்கள். வோலாயின் விழித்திரைக்குப் பின்னால் பூனைக்கு இருப்பதுபோல ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய ஒளியில் தன் இரையைவிட அது நன்றாகப் பார்க்கும். அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் இரவு 9 மணியை ஒட்டி மறைவதால், அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும், அதேபோல விடியற்காலையிலும் போடுங்கள். பகலில்தான் முடியும் என்றால், மேகமூட்டமும் மிதமான காற்றும் உள்ள நாளில், காற்று வந்து மோதும் கரையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அலை ஒளியைச் சிதறடிக்கிறது, சிறு மீன்களும் ஒதுங்குகின்றன. ஆனால் மிதமான காற்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிழக்கு மேற்காக நீண்ட, ஆழமற்ற இந்த ஏரியில் மேற்குக் காற்று வலுத்தால் மிகக் குறுகிய நேரத்தில் உயரமான அலைகள் எழுந்துவிடும். மகனோடு போகும்போது இருவரும் உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது, அணிந்தே இருக்க வேண்டும்.

நீங்கள் கண்ட பாஸ் மீன்களைப் பற்றியும் கேளுங்கள். இன்னும் சற்று உற்றுப் பார்த்திருந்தால், ஒவ்வொன்றின் கீழும் ஏறத்தாழ இரண்டடி அகலத்தில், பாசி துடைக்கப்பட்டு, சரளைக் கற்கள் வெளுத்துத் தெரியும் ஒரு வட்டம் இருந்திருக்கும். அது முட்டைப் படுக்கை. காவல் நிற்பது ஆண் மீன். நீர் 15 பாகையைத் தாண்டும்போது அது வட்டத்தைத் துப்புரவாக்கி, முட்டை பொரிந்து குஞ்சுகள் நீந்தும்வரை அகலாமல் காக்கிறது. அதைத் தூண்டிலில் பிடித்து உடனே விட்டாலும், அது இல்லாத அந்தச் சில நிமிடங்களில் பெர்ச், சன்ஃபிஷ் ஆகிய மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். பாஸ் மீன்பிடிப் பருவம் ஜூன் மாதப் பிற்பகுதி வரை திறக்கப்படாமல் இருப்பதன் காரணம் இதுதான். அந்த இடத்தைத் தொந்தரவு செய்யாமல் கடந்து போங்கள்.

ஒன்ராறியோவில் உங்களுக்கு மீன்பிடி உரிமம் தேவை. 18 வயதுக்குட்பட்ட உங்கள் மகனுக்கு வேண்டியதில்லை. வோலாய் வளம் குன்றியதால், 46 சென்டிமீட்டருக்குக் குறைவானவற்றைத் திரும்ப விட வேண்டும் என்ற விதி 2014-இல் நிப்பிசிங்குக்குக் கொண்டுவரப்பட்டது. கிளம்புவதற்கு முன் நடப்பு ஆண்டின் விதிக் கையேட்டில் அளவையும் எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது மீனின் வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து, வால் மடல்களைச் சேர்த்துப் பிடித்த நுனிவரை அளக்க வேண்டும். அதற்கு முன் கையையும் அளவுப் பலகையையும் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பான பூச்சு உரிந்து, பிறகு அதற்கு நோய்த்தொற்று ஏற்படக்கூடும்.