ஏற்றத்தில் கியர் போதவில்லை என்றால் முழு செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் ரோடு சைக்கிளில் ஷிமானோ 105, ஆர்7000 செட். முன்னால் 50, 34 பற்கள். பின்னால் 11 கியர், 11 முதல் 28 பற்கள். மேடும் பள்ளமுமான கிராமத்துச் சாலைகளில் ஓட்டி, வழியில் வரும் பழைய ஊர்களுக்குள் போய்வருவேன். ஊருக்குள் ஏறும் கடைசி ஏற்றத்தில் கால் நின்றுவிடுகிறது, மறுநாள் முட்டி வலி. கடையில் குரூப்செட்டையே, அதாவது கியர், பிரேக் எல்லாம் சேர்ந்த முழு செட்டையே, மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கேசட் (பின் சக்கரத்தின் பற்சக்கரக் கொத்து), செயின், தேவைப்பட்டால் பின் டீரெய்லர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் பாகம்). மாற்ற வேண்டியது இவ்வளவுதான். ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), கிராங்க் (பெடல் தண்டு), முன் டீரெய்லர், பிரேக் எதிலும் கை வைக்க வேண்டாம்.

கடைசி ஏற்றம் மட்டும் ஏன் உங்களைச் சாய்க்கிறது? பழைய ஊர்கள் பல, காவலுக்காகக் குன்றின் மேல் கட்டப்பட்டவை. வெளியே சாலை வளைந்து வளைந்து மெதுவாக ஏறும்; மதிலைத் தாண்டியதும் தெரு நேராகச் செங்குத்தாக எழும், போதாக்குறைக்குக் கல் பாவியிருக்கும். கல்லில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து வழுக்கும். அதனால் உட்கார்ந்தே ஏற வேண்டும். உட்கார்ந்தே ஏற, சின்ன கியர் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். முன்னால் 34, பின்னால் 28, அதாவது 34-28இல் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும். 34-34இல் 2.1 மீட்டர். நீங்களும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 83 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க, பழைய கியரில் 200 வாட்டுக்கு மேல் வேண்டும்; புதியதில் 170 வாட் சுமார். அந்த 200 வாட் கால்களில் இல்லாதபோது சுற்று 50, 45 என்று விழும். சுற்று விழ விழ ஒவ்வொரு மிதிக்கும் முட்டி தாங்கும் பாரம் கூடும். 75 சுற்றில் மிதிப்பவரை விட, அதே வாட்டை 50 சுற்றில் மிதிப்பவர் ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும். மறுநாள் வலி அங்கிருந்துதான் வருகிறது. வலி முட்டியின் முன்பக்கம் என்றால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். செலவில்லாத சோதனை அது ஒன்றுதான்.

கேசட் வாங்கும் முன் பின் டீரெய்லரின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். மாடல் எண்ணோடு எஸ்எஸ் அல்லது ஜிஎஸ் என்று இருக்கும். ஜிஎஸ் என்றால் கேஜ், அதாவது செயினை இழுத்துப் பிடிக்கும் கை, எஸ்எஸ்ஸை விட நீளம். 34 பல் வரை தாங்கும், டீரெய்லரையும் மாற்ற வேண்டாம். எஸ்எஸ் என்றால் 30தான் எல்லை. 28இலிருந்து 30க்குப் போவதில் ஏழு சதவீதம்தான் லாபம், முட்டிக்கு அது தெரியவே தெரியாது. ஜிஎஸ் டீரெய்லர் ஒன்று வாங்கி 34க்கே போங்கள். டீரெய்லரைக் கீழே இறக்கும் நீட்டிப்புத் துண்டு ஒன்றை யாராவது தள்ளப் பார்ப்பார்கள். கியர் விழுவது மந்தமாகும், வாங்க வேண்டாம்.

இனி, எல்லோரும் கோட்டை விடும் இடம். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

11 கியர் ரோடு கேசட் உட்காரும் ஃப்ரீஹப் (பின் சக்கரத்தின் நடுவில் உள்ள உருளை), பழைய 8, 9, 10 கியர் ஃப்ரீஹப்பை விட 1.85 மில்லிமீட்டர் அகலம். ஷிமானோவின் 11-34 கேசட் (எச்ஜி800, எச்ஜி700) பழைய குறுகிய அளவுக்கே செய்யப்பட்டது. பெரிய பற்சக்கரம் உள்ளே ஸ்போக் பக்கமாகச் சாய்ந்திருப்பதால் அது முடிகிறது. அதை உங்கள் 11 கியர் சக்கரத்தில் ஏற்றும்போது, முதலில் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையத்தைப் போட்டு, அதன் மேல் கேசட்டை ஏற்ற வேண்டும். அந்த வளையம் பெட்டிக்குள்ளேயே வரும். பெட்டியைப் பிரித்ததும் மெக்கானிக் தூக்கி எறியும் முதல் சாமானும் அதுதான்.

வளையம் இல்லாமல் மாட்டினால் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் மூடி) முழுக்க இறுகிவிடும், பார்க்க எல்லாம் சரி. கேசட்டைக் கையால் பிடித்து அசைத்தால் 'லொட லொட' என்று ஆடும். ஆடும் கேசட்டில் கியர் ஒருநாளும் சரியாக விழாது. அப்போது கடையில் 'ஷிஃப்டர் போயிடுச்சு' என்பார்கள், அங்கிருந்து பேச்சு மறுபடியும் குரூப்செட்டுக்கு வந்து நிற்கும். மாறாக 11-28, 11-30 கேசட்டின் பின்னால் அதே வளையத்தைப் போட்டால் லாக்ரிங்குக்கு மரை போதாமல் பிய்ந்துவிடும். உங்களிடம் பழைய 10 கியர் சக்கரம் ஒன்று இருந்தால், அதில் இந்த 11-34 வளையமே இல்லாமல் உட்காரும். 11-28 உட்காரவே உட்காராது. இரண்டுமே 11 கியர் ரோடு கேசட், செய்வதும் ஒரே நிறுவனம், ஆனால் அளவு இரண்டு. சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பல்லைக் கூட்டி, ஒரு மில்லிமீட்டரை மாற்றி, பழைய சாமானைச் சேராமல் செய்துவிடுகிறார்கள். ஓட்டுகிறவர் யாரும் கேட்டதில்லை.

பழைய செயின் வேண்டாம். 34 பல்லுக்கு நீளமும் போதாது. முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று செயினை டீரெய்லருக்குள் விடாமல் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம், அதாவது இரண்டு கண்ணி, கூட்டி வெட்டச் சொல்லுங்கள். குட்டையாக வெட்டிய செயினோடு அவசரத்தில் பெரியது-பெரியது போட்டால் ஹேங்கர் (டீரெய்லர் தொங்கும் துண்டு) ஒடிந்து டீரெய்லர் ஸ்போக்கில் சிக்கும்.

'நூறு கிலோமீட்டர்தான் ஓடியது' என்று கேசட்டும் செயினும் ஜோடியாக விற்பவர்களிடம் ஸ்கேலோடு போங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணி, 24ஆவது பின்னின் நடு வரை புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர். 306.3ஐத் தாண்டியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, கேசட்டும் தேய்ந்திருக்கலாம். தேய்ந்த கேசட்டில் புதுச் செயின் குதிக்கும்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் நின்று பாருங்கள். லாக்ரிங் 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கியிருக்க வேண்டும். 'கை அளவு தெரியும் சார்' என்பதெல்லாம் கணக்கில் சேராது. 34 பல்லில் செயின் இருக்கும்போது டீரெய்லரின் மேல் உருளைக்கும் பல் நுனிக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். உரசினால், இந்த இடைவெளியைச் சரிசெய்யும் பி ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்லுங்கள். அதே கியரில் டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். செயின் ஸ்போக் பக்கம் ஏறினால், டீரெய்லர் உள்ளே போகும் எல்லையைக் கட்டும் எல் ஸ்க்ரூ தளர்வு. இதைப் பார்க்காமல் மலைக்குப் போகாதீர்கள்.

12 கியருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சாலையில் ஒன்று. மேடு பள்ளச் சாலையில் இறக்கத்தின் வேகம் அடுத்த மேட்டின் பாதி வரை தள்ளும், அதுவரை முன்னால் 50லேயே இருங்கள். ஆனால் மதில் வாசல் கண்ணில் பட்டதுமே, கால் இலகுவாக இருக்கும்போதே முன்னால் 34க்கு இறங்கி, அதே நேரம் பின்னால் இரண்டு மூன்று கியர் தள்ளிச் சின்ன பற்சக்கரத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கால் காற்றில் சுற்றும். பிறகு ஏற ஏற ஒவ்வொன்றாகப் பெரிதாக்கலாம். கல் தெருவில் ஏறின பிறகு முழு அழுத்தத்தோடு முன் கியரை மாற்றினால் செயின் கழன்று ஃப்ரேமுக்கும் கிராங்குக்கும் நடுவே விழும், பெடலில் மாட்டிய கிளிப் ஷூவோடு அங்கேயே நீங்களும் விழுவீர்கள்.