இரண்டாவது கேமராவைத் தொடங்கும்போது வரும் -28

லினக்ஸில் ஒரு யூஎஸ்பி கேமரா ஓடும்போது இரண்டாவதைத் தொடங்கினால் உங்கள் டிரைவருக்கு -28 பிழை வருகிறது. அப்போது அதே ஆல்ட் செட்டிங்கை (கேமரா எவ்வளவு இடம் கேட்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) லூப்பில் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை. -28 என்றால் "இடம் இல்லை" (ENOSPC); ஆனால் இங்கே அது டிஸ்க் நிரம்பியதைச் சொல்லவில்லை; பஸ்ஸில், அதாவது சாதனங்கள் பகிரும் யூஎஸ்பி தடத்தில், ஐசோக்ரனஸ் (வீடியோ போல நேரம் தவறாமல் போகும் தரவு) இடம் இல்லை என்கிறது. அடுத்த சிறிய ஆல்ட் செட்டிங்குக்கு இறங்குங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் இடமே கேட்காத ஆல்ட் 0-க்குத் திரும்பி, பிழையை அப்படியே மேலே அனுப்புங்கள்.

யூஎஸ்பி 2.0-இல் 125 மைக்ரோவினாடிக்கு ஒரு மைக்ரோஃபிரேம். அதில் 80 சதவீதம்தான் இந்த வகைத் தரவுக்கு, சுமார் 6000 பைட். உங்கள் கேமராக்கள் தலைக்கு 3072 கேட்டால் மொத்தம் 6144, இடம் போதாது. அவ்வளவுதான் கதை. சிறிய படத்துக்கும் பெரிய செட்டிங்கையே கேட்கும் கேமராக்கள் நிறைய உண்டு, உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதல் கேமராவை நிறுத்திவிட்டு இரண்டாவதைத் தொடங்கிப் பாருங்கள். அப்போதும் -28 வந்தால், பெரும்பாலும் நிறுத்தும்போது உங்கள் டிரைவர் ஆல்ட் 0-க்குப் போகவில்லை. பிடித்த இடம் அப்படியே கிடக்கிறது. (நானும் இதில் ஒரு நாள் தொலைத்தேன்.) வேலை செய்தால், இரண்டும் ஒரே பஸ்ஸில்தானா என்று எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை -டி சேர்த்து (lsusb -t) ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று கவனம்: எக்ஸ்ஹெச்சிஐ-யில் (யூஎஸ்பி 3 கால கன்ட்ரோலர்) செட்டிங் மாற்றும்போதே மறுத்துவிடும். பழைய இஹெச்சிஐ-யில் (யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர்) அது வெற்றி என்று சொல்லிவிட்டு, யூஆர்பி (தரவுப் பரிமாற்றக் கோரிக்கை) சமர்ப்பிக்கும்போது கைவிரிக்கும். இரண்டு இடத்திலும் பிழையைப் பிடியுங்கள்.