வரிச் சலுகை இல்லையென்றால் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கேள்வி: நானும் என் கணவரும் கோவையில் பணிபுரிகிறோம். என் ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் ரூபாய்; அவருடையது 11 லட்சம். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை 38,000 ரூபாய் கட்டுகிறோம். என் நாத்தனார் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அவளுடைய அப்பா சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். சென்னையில் சிகிச்சை பெற்று நலமடைந்து, அவள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அந்த நன்றிக்காக, எனக்கு வரவிருக்கும் போனஸில் 2 லட்சம் ரூபாயைக் குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கொடுக்க விரும்புகிறேன். நாங்கள் புதிய வரி முறைக்கு மாறிவிட்டதால் நன்கொடைக்கான 80ஜி வரிச் சலுகை கிடைக்காது என்கிறார் ஆடிட்டர். "சலுகையும் இல்லை, அரசுக் காப்பீடும் இருக்கிறது, பிறகு எதற்காக மக்கள் மருத்துவமனைக்குக் கொடுக்கிறார்கள்?" என்று என் கணவர் கேட்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, தான் மாதந்தோறும் கொடுத்துவரும் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்கே என்னையும் கொடுக்கச் சொல்கிறான். வாட்ஸ்அப்பில் வரும் தனிப்பட்ட குழந்தைகளுக்கான வேண்டுகோள்களும் மனத்தை உறுத்துகின்றன. யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கணவரின் தயக்கம் வரியிலிருந்து தொடங்குவதால், அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பழைய வரி முறையில் இருந்து, 80ஜி பிரிவில் 50 விழுக்காடு கழிவுக்குத் தகுதி பெற்ற ஓர் அறக்கட்டளைக்கு நீங்கள் 1 லட்சம் ரூபாய் கொடுத்தால், வருமானத்தில் 50,000 ரூபாய் கழியும். 30 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு, வரியின் மேல் வரும் செஸ்ஸையும் சேர்த்து, இதனால் மிச்சமாவது 15,600 ரூபாய். அதாவது, சலுகை முழுமையாகக் கிடைத்தபோதுகூட அந்த 1 லட்சத்தில் 84,400 ரூபாய் கொடுப்பவரின் சொந்தப் பணமாகவே இருந்தது. தகுதி பெறும் நன்கொடைக்கு, மற்றக் கழிவுகள் போகச் சரிக்கட்டப்பட்ட மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற உச்சவரம்பு இருப்பதால், 2 லட்சத்தையும் ஒரே ஆண்டில் கொடுத்திருந்தால் உங்களுக்கு முழுத் தொகைக்கும் கழிவு கிடைத்திருக்காது.

இனி மறுபக்கத்தையும் பாருங்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம், சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1.5 லட்சம், நன்கொடைக்கு 50,000 என எல்லாக் கழிவுகளையும் உங்கள் பெயரிலேயே எடுத்துக்கொண்டாலும், 2025-26 நிதியாண்டில் பழைய முறையில் உங்களுக்கு வரக்கூடிய வரி சுமார் 1,64,000 ரூபாய். இந்தக் கழிவுகள் ஒன்றுமே இல்லாமல் புதிய முறையில் அதுவே சுமார் 1,13,000 ரூபாய்தான். இழந்துவிட்டதாக உங்கள் கணவர் வருந்தும் 15,600 ரூபாயைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ஏற்கெனவே உங்கள் கையில் தங்கியிருக்கிறது. ஆகவே, நன்கொடைக்காகப் பழைய முறைக்குத் திரும்பாதீர்கள். சலுகை போனதைக் காரணம் காட்டி நன்கொடையைக் கைவிடவும் வேண்டாம்.

அடுத்து, காப்பீடு இருக்கும்போது நன்கொடை எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். இது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பெருஞ்செலவைத் தாங்குகிறது. அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவே முடியாது. ஆனால், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோயான தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீள்வது. முதல் சில மாதங்கள் ஊசி மருந்துகளும் மருத்துவமனை வாசமுமாகக் கழியும். அதன் பிறகு வருவது, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட வேண்டிய பராமரிப்புக் கட்டம். தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், குறித்த நாட்களில் ரத்தப் பரிசோதனை என்று அது போகும். வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தால் அன்று ஊர் திரும்ப முடியாது. காய்ச்சல் கண்டால் இரவோடு இரவாகப் புறப்பட்டாக வேண்டும். குழந்தையோடு தாய் சென்னையில் இருக்க, தந்தை ஊரில் தறியோட்டி வாரக்கூலி வாங்கினால்தான் வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைக்குச் சோறு. அறை வாடகை, வெளியே வாங்கும் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி ஆகிய எதுவும் காப்பீட்டுத் தொகுப்பில் வராது. குழந்தை விளையாடத் தொடங்கிவிட்டதால் குணமாகிவிட்டது என்று நம்பி, கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் ஒரு குடும்பம் அடுத்த தேதிக்கு வராமல் நின்றுவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அப்படிப் பாதியில் நின்றால் நோய் திரும்புகிறது; திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது பல மடங்கு கடினம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் பதின்வயதினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். வசதியான நாடுகளில் அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை. நோய் காலம் தாழ்ந்து கண்டறியப்படுவதும், மருந்தும் நிபுணரும் எட்டாத தொலைவில் இருப்பதும், தொடங்கிய சிகிச்சையைக் குடும்பம் தொடர முடியாமல் போவதும்தான் இந்த இடைவெளியின் பெரும்பகுதி. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில், நன்கொடைப் பணத்தைக் கொண்டு தங்குமிடம், உணவு, சமூகப் பணியாளர், தேதி தவறிய குடும்பத்தைத் தொலைபேசியில் அழைத்துத் தேடிப்பிடிக்கும் ஏற்பாடு ஆகியவற்றைச் செய்த பிறகு, சிகிச்சையைப் பாதியில் விடுவோர் வெகுவாகக் குறைந்தனர். அந்த அழைப்பைச் செய்கிற ஊழியரின் சம்பளத்தை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் கொடுப்பதில்லை, நன்கொடையாளர்தான் கொடுக்கிறார்.

மக்கள் கொடுப்பதற்கு இன்னொரு காரணம், இந்தத் துறையே அப்படிப்பட்ட பணத்தால் உருவானது என்பது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் லெடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் தம் குழுவினருடன் ஆராய்ந்த ஃபோலிக் அமிலத் தடுப்பு மருந்துகளைத்தான், 1947-ல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தற்காலிகமாகவேனும் அடங்கியது. அதுவரை யாரும் கண்டிராதது அது. அந்த ஆராய்ச்சியைத் தொடர 1948-ல் ஒரு வானொலி நிகழ்ச்சி வழியாகப் பொதுமக்களிடம் திரட்டிய நிதி 2 லட்சம் டாலரைத் தாண்டியது. உங்கள் நாத்தனார் மகள் வாரந்தோறும் விழுங்கியிருக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேட், அந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குழந்தைப் புற்றுநோயாளிகள் பெரியவர்களைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு அதில் பெரிய சந்தை இல்லை. எந்த மருந்தை எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை மாதம் கொடுப்பது என்பதைக் கண்டறியும் ஆய்வுகளைப் பெரும்பாலும் மருத்துவமனைகளே கூட்டாக நடத்துகின்றன. அதற்கான செலவை அரசும் நன்கொடையாளரும் ஏற்கிறார்கள்.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டுகள் ஊர் ஊராக நிதி திரட்டியதன் பயனாக, 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1960-ல் அங்கே குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. 1980களில் அடையாறு நிலையம், டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து, தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு இந்திய நிலைமைக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையைக் கடைப்பிடித்தன. எம்சிபி-841 என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்த முறைக்குப் பின், அதற்கு முந்தைய காலத்தில் மிகச் சிலரே தப்பிய நோயிலிருந்து ஏறத்தாழப் பாதிப் பேர் நீண்டகாலம் வாழும் நிலை வந்தது. இதற்கு விலை உயர்ந்த புது மருந்து எதுவும் காரணமில்லை. இருக்கும் மருந்தை ஒழுங்காகத் தந்து, ஒவ்வொரு குழந்தையின் கணக்கையும் பல ஆண்டுகள் எழுதி வைத்து, தவறியவற்றிலிருந்து பாடம் கற்றதே காரணம். ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் நான் காட்ட விரும்புவது இந்தப் பதிவேடுகளைத்தான்.

உங்கள் தம்பி கொடுப்பதும் நல்ல இடத்துக்குத்தான். மெம்ஃபிஸ் நகரில் 1962-ல் நடிகர் டேனி தாமஸ் தொடங்கிய செயின்ட் ஜூட், சிகிச்சைக்கோ தங்குமிடத்துக்கோ உணவுக்கோ எந்தக் குடும்பத்துக்கும் பில் அனுப்புவதில்லை என்ற கொள்கையைக் கொண்டது. அது தொடங்கிய காலத்தில் 4 விழுக்காடாக இருந்த தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயின் பிழைப்பு விகிதம், அங்கே இன்று 94 விழுக்காடு. அவன் தொடரட்டும். ஆயினும் நீங்கள் இங்கிருந்து அங்கே பணம் அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மருத்துவமனைக்கு ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் நன்கொடை சேருகிறது. உங்கள் 2 லட்சம் ரூபாய் சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ ஒரு குழந்தையைச் சிகிச்சையில் நிறுத்திவைக்கக்கூடிய தொகை. பெயர்க் குழப்பம் வேண்டாம் என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன்: சிகிச்சைக் காலத்தில் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் தரும் செயின்ட் ஜூட் இந்தியா என்ற அறக்கட்டளை சென்னை உட்படப் பல நகரங்களில் இயங்குகிறது. அது மெம்ஃபிஸ் மருத்துவமனையின் கிளை அன்று, தனி அமைப்பு.

வாட்ஸ்அப் வேண்டுகோள்களைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. அவற்றுள் உண்மையானவை பல உண்டு என்பதை அறிவேன். ஆனால், படம் நன்றாக அமைந்த, ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த உறவினர் வாய்த்த குழந்தைக்குப் பணம் குவிய, அருகிலுள்ள படுக்கையில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் வராமல் போகிறது. அதே மருத்துவமனையின் நோயாளர் நல நிதிக்குக் கொடுத்தால், யாருக்கு எப்போது எவ்வளவு தேவை என்பதை மருத்துவரும் சமூகப் பணியாளரும் முடிவு செய்வார்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த குடும்பமென்றால் தயங்காமல் கொடுங்கள். முன்பின் தெரியாத வேண்டுகோளென்றால், மருத்துவமனையை அழைத்து உறுதி செய்து, அந்தக் குழந்தையின் நோயாளர் எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள்.

கொடுப்பதற்கு முன் உங்கள் வீட்டு நிலையையும் பார்த்துவிட வேண்டும். தவணை உட்பட ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு, இருவருக்கும் டெர்ம் ஆயுள் காப்பீடு, அலுவலகக் காப்பீட்டுக்கு அப்பால் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் இருந்தால், 2 லட்சம் உங்களுக்குத் தாங்கக்கூடிய தொகை. கையிருப்பு குறைவென்றால் இந்த ஆண்டு 1 லட்சம் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தவறேதும் இல்லை. என்னைக் கேட்டால், 80,000 ரூபாயைப் போனஸ் வந்தவுடன் கொடுத்துவிட்டு, மீதி 1,20,000 ரூபாயை மாதம் 10,000 வீதம் ஓராண்டுக்கு வங்கித் தானியங்கி உத்தரவாக அமைப்பது நல்லது. சிகிச்சை மூன்று ஆண்டுகள் ஓடும் நோயில், மாதாமாதம் வருமென்று தெரிந்த பணத்தை நம்பித்தான் மருத்துவமனை புதிய குழந்தையை ஏற்றுக்கொள்ள முடிகிறது.

எந்த நிறுவனமானாலும், அதன் வரிவிலக்குப் பதிவு நடப்பில் உள்ளதா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேளுங்கள். பணம் அனுப்பும்போது ஒரு கடிதம் கட்டாயம் இணையுங்கள். வெறும் பொது நன்கொடையாகக் கொடுத்தால், பொது விதிப்படி அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். மூலநிதிக்கு என்று எழுதிக் கொடுத்தால் முதல் அப்படியே இருக்க, வட்டி மட்டும் செலவாகும். உங்கள் நிலைக்கு மூலநிதி வேண்டாம், தேவை இன்றைக்கு இருக்கிறது. "குழந்தைகள் பிரிவு நோயாளர் நல நிதிக்கு, மருந்து, பரிசோதனை, தங்குமிடம், பயணம் ஆகியவற்றுள் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்" என்று எழுதினால் போதும். மருந்துக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினால், பேருந்துக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்கும் தாய்க்கு அந்தப் பணம் போய்ச் சேராது.

ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள். பான் எண்ணைக் கொடுத்து ரசீதையும், நிதியாண்டு முடிந்து மே மாத இறுதிக்குள் வர வேண்டிய நன்கொடைக்கான 10பிஇ படிவச் சான்றையும் வாங்கி வையுங்கள். புதிய முறையில் இவற்றால் உங்களுக்கு வரிப் பயன் இல்லை. ஆனாலும், மாதச் சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆண்டுதோறும் வரி முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் அவை கையில் இருப்பது நல்லது.